பத்து கை நீச்சல் போதாது

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் வெளியிடுகிறோம்.)



போன கூட்டத்தில் குப்பை வண்டி பற்றிப் பேசினோம். அதற்கு முந்தைய கூட்டத்தில் தெருவிளக்கு. இந்த முறை செயலாளர் என்னைப் பிடித்து, "சார், இந்த வயசுல நீச்சல் கத்துக்கிட்டீங்களாமே, அதைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க" என்றார். எனக்கு 61 வயது. முட்டிவலி உண்டு, இரத்த அழுத்த மாத்திரை உண்டு. இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் என்ன கற்றேன், ஏன் கற்றேன், அதில் உங்களுக்கு என்ன பயன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இங்கே எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? கையைத் தூக்குங்கள். ஆண்களில் பாதிப் பேர் தூக்கியிருக்கிறீர்கள். பெண்களில் இரண்டே பேர். பிள்ளைகளில் ஒருவர்கூட இல்லை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கே திரும்பி வருகிறேன்.

கை தூக்கிய ஆண்கள் எல்லோரும் என்னைப் போலத்தான் கற்றிருப்பீர்கள். கிராமத்துக் கிணறு, இடுப்பில் கயிறு அல்லது முதுகில் சுரைக்குடுக்கை, கொஞ்சம் பிற்காலத்தில் லாரி ட்யூப். மாமாவோ பெரியப்பாவோ தூக்கிப் போடுவார். நாலு மடக்கு தண்ணீர் குடித்த பிறகு கைகால் தானாக அடிக்கும். ஒரு வாரத்தில் மோட்டார் கொட்டகை மேலிருந்து குதிப்போம். நானும் அப்படித்தான் திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒன்பது வயதில் கற்றேன்.

என் சித்தப்பா மகன் என்னைவிட மூன்று வயது இளையவன். எங்கள் கிணற்றில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மல்லாந்து படுப்பான், நின்ற வாக்கில் நீந்துவான், அடியில் போய் மண் எடுத்து வருவான். 1989ஆம் வருடம் தை மாதம் 5ஆம் தேதி தென்பெண்ணை ஆற்றுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு ஊர் சாமிகள் எல்லாம் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வரும், மணல் முழுக்கக் கூட்டம், கரும்பு, பலூன், ராட்டினம். அந்த வருடம் ஒரு பக்கம் ஆழமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சட்டையைக் கழற்றிப்போட்டு, அக்கரைக்கு நீந்திக் காட்டுகிறேன் என்று இறங்கினான். போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கிருந்து கையை ஆட்டினான். உடனே திரும்பினான். கரைக்கு இன்னும் முப்பது மீட்டர் இருக்கும்போது தலை ஒருமுறை உள்ளே போனது, வெளியே வந்தது. விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தோம். அவன் கத்தவில்லை, கையைத் தூக்கி ஆட்டவில்லை. அடுத்த முறை தலை வரவேயில்லை. அவனுக்கு 22 வயது.

அன்றிலிருந்து 36 வருடம் நான் தண்ணீரில் இறங்கியதில்லை. ஊர்க் கிணற்றுப் பக்கம்கூடப் போகமாட்டேன். நன்றாக நீந்தத் தெரிந்தவனே போய்விட்டான் என்றால் நீச்சலால் என்ன பயன் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கற்க விடவில்லை. அந்தத் தவறை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தது. நம் மாவட்டத்தை அது என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. தென்பெண்ணை பெருகி அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையையே மறித்தது. நம் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அந்த இரவில் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது எட்டு வயதுப் பேரன் கேட்டான், "தாத்தா, உனக்கு நீச்சல் தெரியுமா?" தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை.

2025 கோடை விடுமுறையில் அவனை விழுப்புரம் நீச்சல் குளத்தில் சேர்த்தேன். இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர், பேருந்தில் ஒரு மணி நேரம். அவனைத் தண்ணீரில் விட்டுவிட்டு நான் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாள் பயிற்சியாளர் வந்து, "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, நீங்களும் இறங்குங்க சார்" என்றார். எனக்குத் தெரியும், கிணற்றில் கற்றிருக்கிறேன் என்றேன். "அப்படின்னா 25 மீட்டர் போய்க் காட்டுங்க" என்றார்.

போனேன். தலையைத் தூக்கிக்கொண்டு, கையைப் படார் படார் என்று அறைந்துகொண்டு போனேன். பாதி தூரத்தில் மூச்சு முட்டியது. ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "கிணத்துல எத்தனை கை போட்டா அடுத்த படி வரும்?" என்று கேட்டார். யோசித்தேன். பத்து கை. பத்து கைக்குள் எந்தப் பக்கமாவது படியோ கயிறோ கைக்கு வந்துவிடும். "நீங்க கத்துக்கிட்டது அந்தப் பத்து கைதான் சார்" என்றார்.

என் தம்பி ஏன் போனான் என்பது 36 வருடம் கழித்து அந்தக் கம்பியில் தொங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்கு நீச்சல் தெரிந்திருந்தது, ஆனால் பத்து கைக்கு மட்டும். ஆற்றில் படி கிடையாது.

இனி நான் கற்றதைச் சொல்கிறேன். நாம் ஃப்ரீஸ்டைல் என்று சொல்வது உண்மையில் ஃப்ரன்ட் கிரால் என்ற முறை. போட்டி விதிப்படி ஃப்ரீஸ்டைல் என்றால் விருப்பம் போல எப்படியும் நீந்தலாம். எல்லோரும் கிராலையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், மனிதன் கண்ட முறைகளில் அதுதான் வேகமானது. ஐரோப்பியர்கள் இதைத் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள். 1844இல் அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் லண்டனில் காற்றாலை போலக் கையைச் சுழற்றி நீந்திக் காட்டியபோது, தண்ணீரை அடித்துத் தெறிக்கவிடுவது நாகரிகமில்லை என்று அங்கே முகம் சுளித்தார்கள். பிறகு சாலமன் தீவிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்காம் என்ற இளைஞர், ஆஸ்திரேலியாவின் கேவில் குடும்பத்தினர், ஹவாயின் டியூக் கஹனமோகு என்று கைமாறி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பரவியது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கியவர் கஹனமோகு.

நம்மவர்களும் இதில் குறைந்தவர்கள் அல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், மறுபடி இலங்கைக்கும் 51 மணி நேரத்தில் நீந்தினார். நம் தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் 1994இல், 12 வயதில், ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். அவர்களைப் போல ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. 51 மணி நேரம் ஒரு மனிதன் தண்ணீரில் கையைப் போட்டுக்கொண்டே இருக்க முடியும் என்றால், அது வெறும் பலத்தால் நடக்காது. முறையால்தான் நடக்கும்.

அந்த முறையை ஐந்து பாடமாகச் சொல்கிறேன். இதே வரிசையில்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

முதல் பாடம் மூச்சு. தண்ணீரில் நமக்கு ஏன் மூச்சு முட்டுகிறது? காற்று போதவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். உள்ளே இருக்கும் பழைய காற்றை வெளியே விடாததுதான் காரணம். மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை முக்கியமாகத் தூண்டுவது உடம்பில் சேரும் கரியமில வாயு. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கினால் அது சேர்ந்துகொண்டே போகும். தலையைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் பழையதை விடவும் வேண்டும், புதியதை இழுக்கவும் வேண்டும் என்றால் நேரம் போதாது. ஆகவே முகம் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க மூக்காலும் வாயாலும் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாய் வெளியே வரும்போது இழுப்பது ஒன்றுதான் வேலை. இதை வீட்டிலேயே பழகலாம். ஒரு அகல பக்கெட்டில் தண்ணீர் பிடித்து முகத்தை வைத்து நிதானமாகக் குமிழி விடுங்கள், பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுங்கள், மறுபடி முகத்தை வையுங்கள். நான் ஒரு வாரம் காலையில் இதைச் செய்தேன். மனைவி காப்பியோடு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

இரண்டாம் பாடம் மிதப்பது. நம் உடம்பில் நுரையீரல்தான் மிதவை, அது மார்பில் இருக்கிறது. கால் கனமானது. உடம்பை ஒரு ஏற்ற மரம் என்று வைத்துக்கொண்டால், தலையைத் தூக்கினால் கால் அமிழும். கால் அமிழ்ந்தால் நீங்கள் நீந்துவதில்லை, தண்ணீரில் மேடு ஏறுகிறீர்கள். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதைக் குறுக்கே தள்ளிக்கொண்டு போக எந்த உடம்பிலும் பலம் போதாது. ஆகவே பார்வை நேரே குளத்தின் தரையில் இருக்க வேண்டும். சுவரை இரண்டு காலாலும் உதைத்து, கைகளை முன்னே நீட்டி, அம்பு போலப் போய் நிற்பதை மட்டும் நான் இரண்டு நாள் செய்தேன். பழைய டார்ஜான் படத்தில் நடித்த ஜானி வைஸ்முல்லர் தலையைத் தூக்கித்தான் நீந்துவார். 1922இல் 100 மீட்டரை முதன்முதலாக ஒரு நிமிடத்துக்குள் நீந்திய மனிதர் அவர், அவரால் முடிந்தது. நம்மைப் போன்றவர்கள் தரையைப் பார்ப்பதே நல்லது.

மூன்றாம் பாடம் கால். சைக்கிள் மிதிப்பது போல முட்டியை மடக்கி அடிக்கக் கூடாது. அசைவு இடுப்பிலிருந்து வர வேண்டும், முட்டி தளர்வாக, கணுக்கால் துணி போலத் தொய்வாக, விரல்கள் பின்னால் நீண்டு. பெரிய அடி வேண்டாம், சின்னதாக, விடாமல். கணுக்கால் விறைப்பாக இருப்பவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு உதைத்தாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள், சிலர் பின்னால்கூடப் போவார்கள். நானே போனேன். தினமும் நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலைச் சுழற்றினேன், மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. இன்னொன்று, கால் வேகம் தருவதைவிட உடம்பை மட்டமாக வைப்பதற்குத்தான் அதிகம் உதவுகிறது. பெரிய தசைகள் என்பதால் அதிகமாக அடித்தால் மூச்சைத்தான் தின்னும்.

நான்காம் பாடம் கை. கிணற்றில் நாம் தண்ணீரை மேலிருந்து அறைகிறோம். அறைந்தால் உடம்பு மேலே எழும்பும், முன்னே போகாது. விரல் நுனி தோளுக்கு நேர் முன்னே நுழைய வேண்டும், தலைக்குக் குறுக்கே போகக் கூடாது. நுழைந்ததும் கையை முன்னே நீட்டுங்கள். பிறகு முழங்கை மேலேயே இருக்க, முன்கையும் உள்ளங்கையும் பின்பக்கம் பார்க்கும்படி மடியுங்கள். மண்வெட்டியால் மண்ணை நம் பக்கம் இழுக்கிறோமே, வெட்டின் இலை மண்ணைப் பார்த்துத்தானே இருக்கும்? அதே மாதிரி முன்கை முழுவதும் ஒரு மண்வெட்டி. தொடை வரை தள்ளிவிட்டு, முழங்கையை முதலில் வெளியே எடுத்து, கையைத் தளர்த்தி முன்னே கொண்டுவாருங்கள். கையை இழுக்கிறோம் என்று நினைப்பதைவிட, கையைத் தண்ணீரில் ஊன்றி உடம்பை அதைத் தாண்டி அனுப்புகிறோம் என்று நினைத்தால் சரியாக வரும்.

ஐந்தாம் பாடம் இவற்றைச் சேர்ப்பது. உடம்பு பலகை மாதிரி தட்டையாகப் போகாது. வலது கை நீளும்போது இடது தோள் மேலே வரும், இடது கை நீளும்போது வலது தோள் மேலே வரும். அந்த உருளலோடு தலையும் பக்கவாட்டில் திரும்பினால் வாய் தானாகத் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். தலையைத் தூக்கவே தேவையில்லை. நீச்சல் கண்ணாடியின் ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது பயிற்சியாளர் சொன்ன அடையாளம். நகரும் தலைக்கு முன்னே சின்ன அலை எழும்பும், அதன் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில் மூச்சு எடுக்கிறோம். முதலில் இரண்டு கைக்கு ஒரு மூச்சு. பழகிய பிறகு மூன்று கைக்கு ஒன்று என்றால் இரண்டு பக்கமும் மாறி மாறி வரும், கழுத்தும் ஒரு பக்கமாக இறுகாது.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? நேரத்தைப் பார்க்காதீர்கள், கையை எண்ணுங்கள். 25 மீட்டருக்கு முதலில் எனக்கு 38 கை ஆனது. இப்போது 26. அதே தூரம், பன்னிரண்டு கை மிச்சம். அந்தப் பன்னிரண்டு கையின் மூச்சும் என்னிடமே இருக்கிறது.

ஒரு நாளில் வந்ததில்லை இது. முதல் வாரம் மூக்கில் தண்ணீர் ஏறியது. இரண்டாம் வாரம் தோள்வலி. மூன்றாம் வாரம் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பேரன் என்னை முந்திக்கொண்டு போய்விட்டான், போகிற போக்கில், "தாத்தா, முழங்கை, முழங்கை" என்று கத்துவான். ஐந்தாம் வாரம் ஒரு காலையில் நிற்காமல் 25 மீட்டர் போய்ச் சுவரைத் தொட்டேன். மூச்சு வாங்கவில்லை. அப்படியே நின்று திரும்பிப் பார்த்தேன். 25 மீட்டர். இதைவிட ஐந்து மீட்டர்தான் அதிகம் அன்றைக்கு ஆற்றில் மீதி இருந்தது. கண்ணாடியைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே நின்றேன். குளோரின் வாசம் கண்ணுக்கு நல்ல சாக்கு.

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் மேலே சொன்னதை மட்டும் சொன்னால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவன் ஆவேன்.

ஒன்று. குளத்தில் நீந்தத் தெரிந்ததால் ஆற்றில் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. தடுப்பணையைத் தாண்டி விழும் தண்ணீர், கீழே சுழன்று மறுபடி சுவர்ப் பக்கமே திரும்பும். அதில் மாட்டியவரை வெளியே விடாது. மேலே பார்த்தால் நுரை மட்டும்தான் தெரியும். வெள்ள நீரில் எந்த நீச்சல் வீரரும் இறங்கக் கூடாது. மணல் எடுத்த பள்ளமும் அப்படித்தான், முழங்கால் ஆழத்திலிருந்து ஒரே அடியில் ஆள் ஆழம்.

இரண்டு. நீரில் தவிப்பவர் சினிமாவில் போலக் கத்தமாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது மூச்சுக்கே நேரமில்லை, குரலுக்கு எங்கே போவது? சத்தமில்லாமல், நிமிர்ந்த நிலையில், சில நொடிகளில் முடிந்துவிடும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது செல்போனைப் பையில் வையுங்கள்.

மூன்று. காப்பாற்றக் குதிக்காதீர்கள். 2022 ஜூன் 5ஆம் தேதி, பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் ஏழு பெண்கள் இறந்தார்கள், அதில் பலர் சிறுமிகள். தவித்தவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் அதில் அடக்கம். கரையில் படுத்துக்கொண்டு கம்பு நீட்டுங்கள், புடவை, வேட்டி, துப்பட்டா வீசுங்கள், மூடிய காலி பிளாஸ்டிக் கேனைத் தூக்கிப் போடுங்கள். 108ஐ அழையுங்கள்.

நான்கு. வெளியே எடுத்தவரைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள், தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். அதை முறையாகக் கற்றுக்கொடுக்க ஒரு நாள் நம் சங்கத்துக்கு யாரையாவது அழைக்க வேண்டும்.

ஐந்து, இது பிள்ளைகளுக்கு. யார் அதிக நேரம் முங்கியிருக்கிறார்கள் என்ற போட்டி வேண்டவே வேண்டாம். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால், கரியமில வாயு குறைந்துபோய்த் தவிப்பே வராது. தவிப்பு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும்.

சிலர் கேட்கலாம், மிதக்கத் தெரிந்தால் போதாதா, ஃப்ரீஸ்டைல் எல்லாம் எதற்கு என்று. நியாயமான கேள்வி. மிதப்பதுதான் முதலில், அதில் சந்தேகமில்லை. மல்லாந்து மிதக்கத் தெரியாமல் கை போடக் கற்பது, பிரேக் இல்லாத வண்டி ஓட்டுவது போல. ஆனால் மிதந்துகொண்டே இருந்தால் கரை வராது. கரைக்கு வர, மூச்சு தீராமல் வர, ஒரு முறை வேண்டும். அந்த முறைதான் இது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021ஆம் ஆண்டில் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். சிறு வயதினரே அதில் அதிகம். இதற்காகவே ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்திருக்கிறது. நம்மைச் சுற்றிப் பாருங்கள். கிடங்கல் ஏரி, வீடூர் அணை, சங்கராபரணி, மரக்காணம் கடல். ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் காலத்திலிருந்தே நம் ஊர் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் கிணறுகள் தூர்ந்து, மீதி கம்பி போட்டு மூடப்பட்டுவிட்டன. நமக்குத் தெரிந்த அந்தப் பத்து கைகூட நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இப்போது முதலில் கேட்ட கணக்குக்கு வருகிறேன். பெண்களில் இரண்டு பேர், பிள்ளைகளில் யாரும் இல்லை. கிணற்றுக்கு நம்மை அழைத்துப்போன பெரியப்பாக்கள் நம் அக்கா தங்கைகளை அழைத்துப் போகவில்லை. நான் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் பெருமையாகச் சொன்னபோது மனைவி கேட்டார், "வெள்ளம் வந்தா தண்ணி ஆம்பளைங்களை மட்டுமா இழுக்கும்?" பதில் இல்லை.

ஆகவே சங்கத்திடம் மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, வரும் கோடை விடுமுறையில் நம் நகரிலிருந்து ஒரு வேன் ஏற்பாடு செய்து, பிள்ளைகளை விழுப்புரம் குளத்துக்கு ஒரு பயிற்சிக் காலம் முழுக்க அழைத்துச் செல்லலாம். டீசலைப் பங்கு போட்டால் பெரிய தொகை ஆகாது. கட்டணம் கட்ட முடியாத வீடு ஏதாவது இருந்தால், ஒரு பிள்ளையின் செலவு என்னுடையது. வேனில் பொறுப்பாளாக நான் வருகிறேன்.

இரண்டாவது, பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் கிடைக்குமா என்று சங்கத்தின் பெயரில் எழுதிக் கேட்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கேட்கிற மதிப்பே வேறு. முதல் பெயர் என் மனைவியுடையது, அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது, மழைக்காலத்துக்கு முன் சங்க அறையில் 20 மீட்டர் கயிறு இரண்டும், மூடி போட்ட காலி கேன் நாலும் வாங்கி வைக்க வேண்டும். ஐநூறு ரூபாய் வேலையாக இருக்கலாம். தேவைப்படும் அன்றைக்குத் தேடக் கூடாது.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்வதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள், முக்கியமாக இதயம், காது, வலிப்பு சம்பந்தமான தொல்லை உள்ளவர்கள். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இறங்குங்கள். பருத்தி உடை வேண்டாம், தண்ணீர் குடித்துக் கனக்கும். வெட்கப்படாதீர்கள். அங்கே நாம் எப்படி இருக்கிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை, அவரவர் மூச்சே அவரவருக்குப் பெரிய வேலை.

கடைசியாக ஒன்று. நீச்சல் தெரிந்தவனே போய்விட்டான் என்று 36 வருடம் சொன்னேன். இப்போது நான் அப்படிச் சொல்வதில்லை. அவனுக்குச் சரியாகக் கற்றுத்தர எங்களில் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது கற்றுத்தர ஆள் இருக்கிறது, இடம் இருக்கிறது, ஒரு மணி நேரப் பயணம். பெயர் எழுதும் நோட்டு வாசலில் மேசைமேல் இருக்கிறது. போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.